அண்டர்-20 உலகத் தடகளம்: புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

"பையனுக்கு இருபது நடக்கிறது. இன்னும் அண்டர்-20இல் ஓடலாமா?" தடகளப் பக்கம் புதிதாக வரும் பெற்றோர் பி.இ.டி. ஆசிரியரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். இருபது நடக்கிறது என்றால் பத்தொன்பது முடிந்துவிட்டது என்று நமக்குத் தெரியும். விதி பார்ப்பது வேறு ஒன்றை. போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று எத்தனை வயது முடிந்திருக்கும்? பத்தொன்பதைத் தாண்டாவிட்டால் ஓடலாம். போட்டி நாளில் என்ன வயது என்பது கணக்கிலேயே வராது.

ஆகவே பிறந்த தேதியும் மாதமும் வேண்டாம், ஆண்டு மட்டும் போதும். போட்டி ஆண்டிலிருந்து 19ஐக் கழியுங்கள். அந்த ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்தவருக்கு இடம் உண்டு. கீழ் வரம்புக்கு 16ஐக் கழிக்க வேண்டும். 2026 போட்டி என்றால் 2007 முதல் 2010 வரை பிறந்தவர்கள். 2006 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குப் பிறந்தவர் வெளியே. அரை மணி நேரம் கழித்துப் பிறந்தவர் உள்ளே.

இந்தக் கணக்கு விளங்க உசேன் போல்ட்டை எடுத்துக்கொள்ளலாம். பிறந்தது 1986 ஆகஸ்ட் 21. 2002 ஜூலையில் சொந்த நாடான ஜமைக்காவின் கிங்ஸ்டனில் போட்டி நடந்தபோது அவருக்கு 15 வயதுதான் முடிந்திருந்தது. ஆனால் அந்த டிசம்பருக்குள் 16 முடிந்துவிடும். 200 மீட்டரை 20.61 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். சொந்த ஊர்க் கூட்டத்தின் பதற்றத்தில் இடது கால் ஷூவை வலது காலில் மாட்டிக்கொண்டதாகப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

போட்டி தொடங்கியது 1986இல், கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸில். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2014 வரை உலக ஜூனியர் சாம்பியன்ஷிப் என்று பெயர். 2016 முதல் உலக அண்டர்-20 சாம்பியன்ஷிப். அந்த 2016 போட்டி ரஷ்யாவின் கஸானில் நடக்க வேண்டியது, போலந்தின் பித்கோஷ்சுக்கு மாறியது. பிறகு 2018 ஃபின்லாந்தின் தம்பரே, 2021 நைரோபி, 2022 கொலம்பியாவின் காலி, 2024 லிமா. 2026க்கு அமெரிக்காவின் யூஜின் தேர்வானது; அந்த ஊர் 2014இலும் இதை நடத்தியிருக்கிறது.

ஒற்றைப்படையில் பிறந்தவருக்கு அதிர்ஷ்டம்

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. போட்டி இரட்டைப்படை ஆண்டுகளில் வருகிறது. 2007இல் பிறந்தவருக்குக் கடைசி வாய்ப்பு 2026. அப்போது அவர் 19 என்ற கணக்கில் ஓடுவார். 2006இல் பிறந்தவருக்கோ 2026இல் கதவு மூடிவிட்டது. கடைசி வாய்ப்பு 2024, அதுவும் 18 என்ற கணக்கில். இந்த வயதில் ஒரு வருடம் என்பது சாதாரணமல்ல. ஒரு முழு சீசன் வெயிட் டிரெயினிங்கும் சில கிலோ தசையும் கூடுதலாகச் சேரும். ஆகவே பதக்கப் பட்டியலைப் படிக்கும்போது பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பிறந்த ஆண்டையும் பாருங்கள். ஹிமா தாஸ் 2000 ஜனவரியில் பிறந்தவர். 2018இல் தம்பரேயில் 400 மீட்டரை 51.46இல் ஓடித் தங்கம் வென்றபோது தன்னைவிட ஒரு வருடம் மூத்த பிரிவையும் சேர்த்துத்தான் வென்றார்.

கொரோனா இந்தச் சுழற்சியை ஒருமுறை கலைத்தது. 2020 போட்டி 2021க்குத் தள்ளிப்போனது, 2022 போட்டி வழக்கப்படி நடந்தது. 2001இல் பிறந்தவர்கள் 2020க்காகத் தயாராகி, 2021இல் வயது தாண்டிவிட்டதால் ஓடவே முடியாமல் போனார்கள். 2003இல் பிறந்தவர்களுக்கோ அடுத்தடுத்து இரண்டு வாய்ப்பு. போட்ஸ்வானாவின் லெட்சிலே டெபோகோ 2003இல் பிறந்தவர். இரண்டு முறையும் 100 மீட்டர் தங்கம் அவருக்கே. இரண்டாவது முறை 9.91 விநாடி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் தங்கமும் வென்றார். அவர் திறமையில் சந்தேகம் இல்லை, ஆனால் நாட்காட்டியும் துணை நின்றது.

ஜனவரியில் பிறந்தவருக்கும் டிசம்பரில் பிறந்தவருக்கும் இடையே பதினொரு மாத வித்தியாசம் இருந்தாலும் இருவரும் ஒரே பிரிவுதான். பள்ளி அளவில் இந்தப் பதினொரு மாதம் பெரிதாகத் தெரியும். கோச்சுகள் வளர்ந்த பையனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, டிசம்பர்க் குழந்தையை "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். நீரஜ் சோப்ரா பிறந்தது 1997 டிசம்பர் 24.

ஜூனியர் குண்டு, சீனியர் குண்டு

புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறுவது எறிதல் போட்டிகளில். ஜூனியர் பையன் 19 மீட்டர் எறிந்தான், சீனியர் ஆள் 18 மீட்டர்தான் எறிந்தார், ஆகவே பையன் சீனியரை மிஞ்சிவிட்டான் என்று எழுதிவிடுவார்கள். இருவர் கையிலும் இருந்தது ஒரே குண்டு அல்ல.

ஆண்களில் சீனியர் குண்டு 7.26 கிலோ, அண்டர்-20 குண்டு 6 கிலோ. சங்கிலிக் குண்டிலும் இதே எடைகள்தான். வட்டு சீனியருக்கு 2 கிலோ, அண்டர்-20க்கு 1.75 கிலோ. பெண்களுக்கு இந்த வித்தியாசமே கிடையாது. குண்டும் சங்கிலிக் குண்டும் 4 கிலோ, வட்டு 1 கிலோ, ஈட்டி 600 கிராம், அண்டர்-20இலும் இவையே. ஆகவே ஒரு ஜூனியர் பெண்ணின் எறிதலை சீனியர் பட்டியலோடு நேராக ஒப்பிடலாம். ஆணின் எறிதலை ஒப்பிட முடியாது, ஈட்டியைத் தவிர.

ஆண்கள் ஈட்டி அண்டர்-20இலேயே 800 கிராம். 2016 ஜூலையில் பித்கோஷ்சில் நீரஜ் 86.48 மீட்டர் எறிந்தபோது உலகம் திரும்பிப் பார்த்ததற்கு இதுவே காரணம். அது ஜூனியர் உலகச் சாதனை. அதோடு எந்தத் தள்ளுபடியும் தேவைப்படாத சீனியர் தூரமும்கூட. அடுத்த மாதம் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்குப் போன தூரம் 85.38. ரியோவுக்கான தகுதிக் கெடு ஜூலை 11ஆம் தேதியே முடிந்திருந்தது. நீரஜ் எறிந்தது 23ஆம் தேதி. அந்த வெண்கலத்தை வென்ற டிரினிடாட் வீரர் கெஷார்ன் வால்காட்டின் கதையும் இதற்குப் பொருத்தமானது. 2012 ஜூலையில் பார்சிலோனாவில் உலக ஜூனியர் தங்கம், அடுத்த மாதமே 19 வயதில் லண்டனில் ஒலிம்பிக் தங்கம். இடையே ஈட்டி மாறவில்லை. குண்டு எறிபவர் ஒருவரிடம் இப்படிப்பட்ட தாவலை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தடை தாண்டும் ஓட்டத்திலும் இதே கதைதான். ஆண்கள் 110 மீட்டரில் சீனியர் தடையின் உயரம் 106.7 செ.மீ., அண்டர்-20க்கு 99.1. பத்துத் தடைகள், முதல் தடை 13.72 மீட்டரில், தடைகளுக்கு நடுவே 9.14 மீட்டர். இவை இரண்டு பிரிவிலும் ஒன்றுதான். இடைவெளி அப்படியே இருக்க உயரம் மட்டும் 7.6 செ.மீ. கூடுவதுதான் சிக்கல். தடையைத் தாண்டும்போது இடுப்பு இன்னும் மேலே போக வேண்டும், காற்றில் இருக்கும் நேரம் கூடும், வேகம் கொஞ்சம் கரையும். வேகம் குறைந்த காலால் அதே 9.14 மீட்டரை மூன்றே காலடியில் கடக்க வேண்டியிருக்கும். காலடி எட்டாமல் அடுத்த தடையில் பின்கால் முட்டி இடிக்கும். ஐந்தாவது, ஆறாவது தடைவரை சமாளித்துவிட்டு அதற்குமேல் ரிதம் உடைவதுதான் முதல் சீனியர் வருடத்தின் வழக்கமான காட்சி. பெண்கள் 100 மீட்டர் தடைக்கும் (83.8 செ.மீ.) இரு பாலாரின் 400 மீட்டர் தடைக்கும் உயரம் மாறாது.

தூரங்களிலும் சில மாற்றங்கள் உண்டு. மாரத்தான் கிடையாது. ஆண்களுக்கு 10,000 மீட்டர் ஓட்டம் 2018 வரை இருந்தது. 2021 முதல் அதை எடுத்துவிட்டு 3,000 மீட்டரைச் சேர்த்தார்கள். நடைப் போட்டி ட்ராக்கிலேயே 10,000 மீட்டர், அதாவது 25 சுற்று.

எப்படிப் போவது?

தனி ஆளாக விண்ணப்பிக்க வழியில்லை. நாட்டின் தடகளக் கூட்டமைப்புதான் பெயர் அனுப்ப வேண்டும். 100 மீட்டர், ஈட்டி போன்ற ஒவ்வொரு தனிப் போட்டிக்கும் ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் இருவர்தான் களமிறங்கலாம். கென்யாவிலோ எத்தியோப்பியாவிலோ மூன்றாவது இடத்தில் இருக்கும் பையன் உலகின் ஐந்து பேரில் ஒருவனாக இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு போட்டிக்கும் உலகத் தடகள அமைப்பு ஒரு தகுதி அளவு வைக்கும். அதைக் குறிப்பிட்ட காலத்துக்குள், அங்கீகரிக்கப்பட்ட மீட்டில் (தடகளப் போட்டி நிகழ்வில்) எட்ட வேண்டும். அதற்குமேல் நம் நாட்டுக் கூட்டமைப்பும் தன் பங்குக்கு ஓர் அளவும் தேர்வு மீட்டும் வைக்கும். இங்கே தவறு நடக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது ஸ்டாப்வாட்ச். மாவட்ட மீட்டில் கையால் எடுத்த 10.6 என்பது மின்னணு டைமிங்கில் 10.6 ஆகாது. கை, துப்பாக்கிப் புகையைப் பார்த்துத் தாமதமாக அழுத்துகிறது, முடிவுக்கோட்டிலோ முன்கூட்டியே நிறுத்துகிறது. ஒப்பிடுவதற்காக 100, 200 மீட்டருக்கு 0.24 விநாடி கூட்டிக்கொள்வது வழக்கம்; அப்படிப் பார்த்தால் 10.84. உலகப் போட்டித் தகுதிக்குக் குறுந்தூர ஓட்டத்தில் கை டைமிங் செல்லாது.

இரண்டாவது காற்று. 100, 200 மீட்டரிலும் 100, 110 மீட்டர் தடையிலும் நீளம் தாண்டுதலிலும் ட்ரிபிள் ஜம்ப்பிலும் பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் இருந்தால் அந்த அளவு சாதனையாகவோ தகுதியாகவோ எண்ணப்படாது. பதக்கம் மட்டும் பதக்கம்தான். காற்றுமானி இல்லாத மீட்டில் எவ்வளவு தாண்டினாலும் வீண்.

மூன்றாவது காகிதம். சின்ன வயதுப் பிரிவுகளில் மணிக்கட்டு எக்ஸ்-ரே எடுத்து எலும்பு வயதைப் பார்ப்பார்கள். பதினெட்டு, பத்தொன்பதில் வளர்ச்சித் தகடுகள் பெரும்பாலும் மூடிவிடுவதால் அந்தச் சோதனையால் பெரிய பயன் இல்லை. எல்லாம் சான்றிதழை நம்பித்தான். பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், பாஸ்போர்ட் நான்கிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று பதினாறு வயதிலேயே பார்த்துவிடுவது நல்லது. பள்ளியில் சேர்க்கும்போது "ஜூன்ல போட்டுக்குங்க சார்" என்று மாற்றிச் சொன்ன தேதி இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். நம் பக்கத்தில் கூடுதலாக இனிஷியல் தொல்லை வேறு. மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்தாக இருக்கும் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் விரிந்து குடும்பப் பெயர் ஆகிவிடும். 2022இல் காலியில் ட்ரிபிள் ஜம்ப்பில் 16.15 மீட்டர் தாண்டி வெள்ளி வென்ற மதுரைப் பக்கத்துப் பையன் செல்வப் பிரபுவை உலகப் பட்டியலில் தேடினால் திருமாறன் என்ற பெயரின் கீழ்தான் கிடைப்பார். போட்டிப் பதிவு, பாஸ்போர்ட், கூட்டமைப்பு அடையாள எண் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருந்தால் பாதித் தலைவலி குறையும்.

களத்தில் என்ன நடக்கும்?

ஓட்டத்துக்கு முன் வீரர்கள் கால் ரூமுக்கு (call room, பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கும் அறை) போக வேண்டும். தாமதமாக வந்தால் ஓட்டமே இல்லை. அங்கே நெஞ்சு எண், உடை, ஷூ எல்லாம் பார்ப்பார்கள். ஸ்பைக்ஸ் ஆணி சிந்தெடிக் ட்ராக்கில் 9 மி.மீ.க்கு மேல் நீளக்கூடாது; உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12 மி.மீ. வரை போகலாம். ஒரு ஷூவில் பதினொரு ஆணிதான். செல்போன் கொண்டுபோக முடியாது. கோச் கூட வர முடியாது. முதல்முறை போகும் பிள்ளைகளுக்கு ஓட்டத்தைவிட இந்தக் காத்திருப்புதான் கொடுமை. வார்ம்-அப் செய்து சூடேறிய உடம்பு ஆறிப்போகும், பக்கத்தில் ஆறடி ஆள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதற்கும் ஊரிலேயே பயிற்சி தரலாம். வார்ம்-அப் முடித்து இருபது நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, பிறகு ஓடவிடுங்கள்.

முடிவுப் பட்டியலில் பெரிய க்யூ (Q) என்றால் இடத்தால் தகுதி, சின்ன க்யூ (q) என்றால் நேரத்தால் தகுதி. பி.பி. என்றால் வாழ்நாளின் சிறந்த அளவு, எஸ்.பி. என்றால் அந்த சீசனின் சிறந்த அளவு. டி.என்.எஃப். என்றால் பாதியில் நின்றுவிட்டார், என்.எம். என்றால் எறிந்ததும் தாண்டியதும் எல்லாமே ஃபவுல். ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்கு மன்னிப்பு இல்லை. முதல் முறையே வெளியேற்றம். டெகத்லான் (பத்துப் போட்டிகள் சேர்ந்தது), ஹெப்டத்லான் (ஏழு சேர்ந்தது) ஓட்டங்களில் மட்டும் ஒருமுறை பொறுத்துக்கொள்வார்கள்.

தாண்டுதலில் வித்தியாசம் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு 2021 நைரோபியைப் பாருங்கள். இந்தியாவின் ஷைலி சிங் நீளம் தாண்டுதலில் 6.59 மீட்டர், ஸ்வீடனின் மாயா ஆஸ்காக் 6.60. தூரம் அளக்கப்படுவது கால் பட்ட இடத்திலிருந்து அல்ல, பலகையின் முன்விளிம்புக் கோட்டிலிருந்து. கோட்டுக்குப் பத்து செ.மீ. முன்னாலேயே கால் வைத்து எழும்பினால் அந்தப் பத்தும் போனதுதான். ஓடிவரும் தொடக்கக் குறியைக் காற்றுக்கும் களைப்புக்கும் ஏற்ப ஒரு பாதம் முன்னே பின்னே நகர்த்துவது இதனால்தான் ஒரு தனிக் கலை.

அதே நைரோபியில் நடைப் போட்டியில் அமித் காத்ரி நெடுநேரம் முன்னிலையில் இருந்தார். கடைசியில் கென்யாவின் ஹெரிஸ்டோன் வன்யோனி முந்தினார்: 42:10.84க்கு 42:17.94. நைரோபி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவதால் குறுந்தூர ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் அது லாபம். பிராணவாயு குறைவதால் நெடுந்தூரத்துக்கு நஷ்டம். நடையில் இன்னொரு கத்தியும் தொங்கும். முட்டி மடங்கினாலோ இரு காலும் தரையைவிட்டு எழும்பினாலோ நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதுவார்கள். மூன்று சேர்ந்தால் 10,000 மீட்டரில் ஒரு நிமிடம் தண்டனைக் கூண்டில் நிற்க வேண்டும், நான்காவது வந்தால் வெளியே.

கலப்பு 4×400 ரிலே இந்தப் போட்டியில் 2021இல் அறிமுகமானது. முதல் ஆண்டே இந்தியாவுக்கு வெண்கலம், அடுத்த ஆண்டு வெள்ளி. அந்த வெள்ளியின்போது பரத் ஸ்ரீதர், பிரியா மோகன், கபில், ரூபல் சௌத்ரி நால்வரும் எடுத்தது 3:17.76. அமெரிக்கா 3:17.69. நான்கு பேர், 1,600 மீட்டர், வித்தியாசம் ஒரு விநாடியில் நூறில் ஏழு பங்கு. ஒரு நல்ல பேட்டன் மாற்றத்தில் இதைவிட அதிகம் மிச்சமாகும். ரூபல் அதே போட்டியில் தனியாகவும் 400 மீட்டர் ஓடி 51.85இல் வெண்கலம் வென்றார். ரிலேயில் ஒருவரைப் போட்டால் அவருடைய தனிப் போட்டி பாழாகுமா என்பது எல்லா நாட்டு கோச்சுகளுக்கும் உள்ள பழைய கவலை. அந்த முறை பாழாகவில்லை.

ஜலதோஷ மாத்திரை

ஊக்கமருந்து என்றதும் ஊசியும் சிரிஞ்சும்தான் ஞாபகம் வரும். இளையோரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் மருந்துக்கடை மாத்திரையும் ஜிம்மில் கிடைக்கும் பவுடரும்தான். 2000இல் சாண்டியாகோவில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரு தங்கம், மூக்கடைப்பு மருந்துகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் சோதனையில் தெரிந்ததால் பறிபோனது. இன்றைய விதிப்படி போட்டிக் காலத்தில் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருந்தால் குற்றம். தும்மல் வந்தாலும் அணி மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை போடக்கூடாது. ஆஸ்துமா பம்ப் போன்ற தொடர் மருந்து எடுப்பவர்கள் அது தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று முன்பே பார்த்து, இருந்தால் மருத்துவ விலக்கு அனுமதியைப் பயணத்துக்குப் பல வாரம் முன்பே வாங்கிவிட வேண்டும்.

அண்டர்-20 முடிந்த பிறகு

அண்டர்-18க்கும் ஓர் உலகப் போட்டி இருந்தது. 2017 நைரோபியோடு அதை நிறுத்திவிட்டார்கள். அண்டர்-23க்கு உலகப் போட்டி என்று ஒன்று கிடையாது. ஐரோப்பாவில் 1997 முதல் நடப்பதுபோல் சில இடங்களில் கண்ட அளவில் நடக்கிறது, அவ்வளவுதான். ஆகவே பத்தொன்பது வயதுப் பிள்ளை டிசம்பர் 31 இரவு ஜூனியராகத் தூங்கி, மறுநாள் காலை முப்பது வயது ஆட்களோடு போட்டியிட வேண்டியவராக எழுந்திருக்கிறார். நடுவில் உள்ள ஒரே பெரிய படி உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள். கல்லூரிப் படிப்பை விடாமல் தொடர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குண்டு எறியும் பையனாக இருந்தால் இந்த மாற்றத்தை ஜனவரி வரை தள்ளிப்போட வேண்டாம். ஆறு கிலோவிலிருந்து 7.26க்குப் போகும்போது ஒன்றரை, இரண்டு மீட்டர் குறைவது சாதாரணம். பல பேர் அதைப் பார்த்து மனம் உடைந்து, தூரத்தை மீட்க அவசரமாக எடையைக் கூட்டி, முதுகையோ மணிக்கட்டையோ கெடுத்துக்கொள்கிறார்கள். கடைசி ஜூனியர் வருடத்திலேயே பயிற்சியில் ஒரு பங்கு எறிதலை 7.26இல் எறியவிடுங்கள். டேப்பைக் கொண்டு அளக்க மட்டும் வேண்டாம். போட்டிக்கு மூன்று, நான்கு வாரம் முன்பு கனமான குண்டைக் குறைத்து ஆறு கிலோவுக்குத் திரும்பிவிட வேண்டும். இல்லையென்றால் கை அந்தக் கனத்தின் மெதுவான வேகத்துக்குப் பழகிவிடும்.